சுவரிலிருந்து அகராதிக்கு: தடித்த எழுத்தின் பயணம்

அகராதியைத் திறக்கும் மாணவர், தாம் தேடும் சொல்லைத் தடித்த எழுத்தில் காண்கிறார். அத்தடிப்பு எங்கிருந்து வந்தது என அவர் வினவுவதில்லை. மொழியியல் பயின்ற நானும் நெடுங்காலம் வினவியதில்லை. அது பிறந்த இடம் நூலன்று, தெருச்சுவர்.

உரோமன் எழுத்துகளின் கோடுகள் முடியுமிடத்தில் சிறு குறுக்குக்கோடு ஒன்று உண்டு. அதனைச் செரிஃப் என்பர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது மயிரிழையாக மெலிந்திருந்தது. அடுத்த நூற்றாண்டில் இலண்டன் சுவரொட்டிகள் நாடகத்தையும் பரிசுச்சீட்டையும் கூவி விற்கத் தொடங்கின. நூலுக்கென வார்த்த எழுத்து அத்தொலைவுக்கு எட்டவில்லை. எனவே வின்சென்ட் ஃபிகின்ஸ் என்னும் எழுத்து வார்ப்பாளர், 1810களில், செரிஃபைப் பலகைபோல் தடிக்கச் செய்து 'ஆன்டிக்' என்ற பெயரில் வெளியிட்டார். பிறர் அவ்வகையை 'எகிப்தியன்' என்றனர். ஆனால் 1816இல் வில்லியம் காஸ்லான் 'எகிப்தியன்' எனக் குறித்ததோ செரிஃபே இல்லாத எழுத்து! வணிகர் சூட்டும் பெயர்களில் சொற்பொருளியலாளர் நியாயம் தேடலாகாது.

பெரிய ஈய எழுத்துகள் கனமானவை, விலைமிக்கவை. நியூயார்க்கின் டேரியஸ் வெல்ஸ் 1827 அளவில் மர எழுத்துகளைப் பொறிகொண்டு செதுக்க வழி கண்டபின், தடித்த எழுத்து அமெரிக்கச் சுவர்களையும் நிறைத்தது.

எனினும் அது நூலுக்குள் நுழைய இயலவில்லை. பத்தியின் நடுவே வைத்தால் மைக்கறையாகவே தோன்றியது. இத்தடையை நீக்கியது 1845இல் ராபர்ட் பெஸ்லியின் வார்ப்பகம் வெளியிட்ட 'கிளாரண்டன்'. அதனைச் செதுக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். செரிஃப் தண்டோடு வளைந்து இணைந்தது. எழுத்தின் அகலம் ஒடுங்கியது. சாதாரண எழுத்தின் அருகே அமர்ந்து ஒரு சொல்லை மட்டும் உயர்த்திக் காட்ட அது கற்றுக்கொண்டது. சட்டப்படி பதிவுசெய்தும் பெஸ்லிக்குக் கிடைத்த பாதுகாப்பு மூன்றே ஆண்டுகள். பின்னர் பிற வார்ப்பகங்கள் தயக்கமின்றிப் படியெடுத்தன. அவருக்கு அது இழப்பு, அகராதிக்கலைக்கோ பேறு.

1884இல் முதற்பகுதி வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஜேம்ஸ் மரே தலைச்சொற்களைக் கிளாரண்டனில் அமைத்தார். இங்குதான் மொழியியலாளர் கருதவேண்டிய வேறுபாடு உள்ளது. சாய்வெழுத்து வாசிக்கும்போதே புலப்படும். தடித்த எழுத்து வாசிக்கும் முன்னரே கண்ணில் படும். முன்னது தொனியைச் சுட்டும். பின்னது இருப்பிடத்தைச் சுட்டும். சுவரில் வழிப்போக்கரை நிறுத்திய அதே இயல்பு, மூன்று பத்தி நெருங்கிய பக்கத்தில் தேடுபவரை நிறுத்துகிறது.

தமிழெழுத்தில் செரிஃப் இல்லை. சாய்வெழுத்து மரபும் வலுவாக இல்லை. ஆதலால் தலைச்சொல், கலைச்சொல், அழுத்தம் ஆகிய அனைத்தையும் தடிப்பு ஒன்றே சுமக்கிறது. அச்சுமையிலும் ஓர் எல்லை உண்டு: 'ண', 'ஞ' போன்றவற்றைச் சிறிய அளவில் மிகத் தடிக்கச் செய்தால் சுழிகளின் உள்வெளி அடைபட்டு, எழுத்தே அடையாளம் இழக்கிறது.