மதுரை வட்டாரச் சமூக வரலாற்றாய்வு

மதுரையிலும் வைகைச் சமவெளியிலும் சாதி, காவல், கோயில், நிலம் ஆகியவற்றின் உறவுகள் காலந்தோறும் மாறிவந்ததை ஆராயும் துறை. இது பல்கலைக்கழகத்தில் பிறக்கவில்லை; கலெக்டர் கச்சேரியில் பிறந்தது.

ஆங்கில அதிகாரி ஜே. எச். நெல்சன் 1868இல் வெளியிட்ட 'தி மதுரா கண்ட்ரி' முன்னோடி நூல். நிர்வாகத்துக்காக எழுதப்பட்டதால், சாதிக்கொரு குணம் உண்டென்ற எண்ணம் அதில் ஊறிக்கிடக்கிறது. டபிள்யூ. பிரான்சிஸின் மாவட்ட கெஜட்டியர் (1906) கள்ளர் சாதியாரின் காவல் முறையை விவரிக்கிறது: ஊர் காவல் கூலி கொடுக்கும், களவுபோன மாடு திரும்பிவரத் துப்புக் கூலி கொடுக்க வேண்டும். பழைய ஊர்க்காவல் ஏற்பாடு ஒன்று குலைந்த கதை இது. ஆட்சியாளர் கண்ணுக்கோ குற்றம் மட்டுமே தெரிந்தது. பின்னர், சாதி முழுவதையும் குற்றக் கூட்டமாகப் பதிவுசெய்யும் குற்றப் பரம்பரைச் சட்டம் கள்ளர் மீது வந்தது. ஊரார் அதை ரேகைச் சட்டம் என்றனர். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டு 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947இல்.

சத்தியநாத ஐயரின் மதுரை நாயக்கர் வரலாறு (1924) பெரிதும் அரசர் கதை. பிரெஞ்சு மானிடவியலர் லூயி துய்மோன் 1957இல் பிறமலைக் கள்ளர் பற்றி வெளியிட்ட நூல் மணவுறவையும் பங்காளி முறையையும் நுணுகிப் பார்த்தது. ஆனால் காலமாற்றத்துக்கு அதில் இடம் குறைவு.

திருப்பம் தமிழிலேயே நேர்ந்தது. தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' ஆய்வேட்டை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் நூலாக்கியது. கோயிலை அவர் கல்வெட்டோடு நிறுத்தவில்லை. கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் ஆகியோருக்குக் கோயிலோடு என்ன உறவு என்று கேட்டார்; வர்ணிப்புப் பாடல்களையும் சான்றாக எடுத்துக்கொண்டார். சித்திரையில் அழகர் கோயில் பெருமாள் கள்ளர் வேடம் பூண்டு வைகைக்கு வருவது வெறும் அலங்காரமல்ல, கோயிலும் வட்டாரச் சாதியும் செய்துகொண்ட சமரசத்தின் தடம் என்பது இவ்வகை ஆய்வால் துலங்கியது. கெஜட்டியர் எழுதியவருக்கு இந்த மக்கள் புள்ளிவிவரம், தொ.ப.வுக்குச் சாட்சிகள். பின்னாளில் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவலும் (2008) காவலின் வரலாற்றையே கையாண்டது. 2011இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

வைகைச் சமவெளியின் கீழடியில் 2014–15 பருவத்தில் தொடங்கிய அகழாய்வு பார்வையைப் பண்டைக் காலத்துக்கு நகர்த்தியது. ஆதன், குவிரன் எனப் பானை ஓடுகளில் கீறப்பட்ட ஆட்பெயர்கள் கிடைத்தன. மாநிலத் தொல்லியல் துறையின் 2019 அறிக்கை அவ்வாழ்விடத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுசெல்கிறது. காலக்கணிப்பு குறித்த விவாதம் ஓயவில்லை. அகழாய்வுப் பொருள்களுக்கான அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் கீழடியில் திறக்கப்பட்டது.