குதிரைத்திறன் அளவீடும் சேசிஸ் டைனமோமீட்டரும்

சேசிஸ் டைனமோமீட்டர் என்பது வண்டியிலிருந்து எஞ்சினைக் கழற்றாமல், சக்கரங்களுக்கு வந்து சேரும் திறனை அளக்கும் கருவியாகும். வண்டி உருளைகளின் மேல் நிறுத்திக் கட்டப்பட்டு, நின்ற இடத்திலேயே ஓட்டப்படுகிறது. ஒரே கார் இருவேறு கருவிகளில் இருவேறு குதிரைத்திறனைக் காட்டுவது வழக்கம். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, குதிரைத்திறன் அளக்கப்பட்டு வந்த வரலாற்றை அறிவது உதவும்.

தொடக்க காலம்

நீராவி எஞ்சின்களை விற்ற ஜேம்ஸ் வாட், அவை எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குவோருக்கு விளக்க வேண்டியிருந்தது. ஒரு நிமிடத்தில் 33,000 அடி-பவுண்டு வேலை என்பதை அவர் 1780களில் ஒரு குதிரைத்திறனாகக் கொண்டார். இது ஏறத்தாழ 746 வாட். ஐரோப்பாவில் வழங்கும் மெட்ரிக் குதிரைத்திறன் ஏறத்தாழ 735.5 வாட். ஆகவே அலகிலேயே ஒரு சிறு வேறுபாடு தொடங்கிவிடுகிறது.

1821-இல் பிரான்சைச் சேர்ந்த காஸ்பார் டி புரோனி, சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அந்தப் பிடியை ஒரு நெம்புகோலில் எடை தொங்கவிட்டுச் சமன்செய்யும் தடையை உருவாக்கினார். எடை, நெம்புகோலின் நீளம், சுழற்சி வேகம் ஆகிய மூன்றிலிருந்து திறன் கணக்கிடப்பட்டது. பெரிய கப்பல் எஞ்சின்களுக்கு இந்த உராய்வுத் தடை போதவில்லை. அதனால் வில்லியம் ஃபுரூட் 1877-இல் நீரின் தடையால் இயங்கும் டைனமோமீட்டரை வடிவமைத்தார். சுழல் மின்னோட்டத் தடை பின்னர் வந்தது.

இருவகைக் கருவிகள்

இன்றைய சேசிஸ் டைனமோமீட்டர்களில் இரண்டு முக்கிய வகைகள் உள்ளன.

தடை வகையில், உருளையை நீர் அல்லது சுழல் மின்னோட்டம் தடுத்துப் பிடிக்கிறது. அந்தத் தடையின் விசை அளக்கப்படுகிறது. அடிப்படையில் இது புரோனியின் முறையே. பவுண்டு-அடியில் கிடைக்கும் முறுக்குவிசையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 5,252-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வரும்.

நிலைம வகையில் தடை கிடையாது. நிறை தெரிந்த கனமான உருளையை வண்டி எவ்வளவு விரைவாக முடுக்குகிறது என்பதே அளக்கப்படுகிறது. உருளையின் இயக்க ஆற்றல் ஒரு நொடியில் எவ்வளவு கூடுகிறதோ அதுவே திறன். 1990களில் டைனோஜெட் நிறுவனத்தின் 48 அங்குல உருளைக் கருவிகள் அமெரிக்கப் பணிமனைகளில் இந்த வகையைப் பரப்பின.

எண்கள் வேறுபடுவது ஏன்?

நிலைம வகையில் எஞ்சின் விரைவாக வேகம் பிடிக்கிறது. அப்போது திறனின் ஒரு பகுதி ஃபிளைவீல், கியர்கள், சக்கரங்கள் ஆகியவற்றை முடுக்கவே செலவாகி, உருளைக்கு வந்து சேராமல் போகிறது. கனமான சக்கரம் மாட்டினால் எஞ்சின் மாறாமலே எண் குறையும். தடை வகையில் வேகத்தை ஒரே அளவில் நிறுத்தியும் அளக்கலாம் என்பதால் இந்த இழப்பு தவிர்க்கப்படுகிறது. ஆனால் எஞ்சின் நீண்ட நேரம் சுமையில் இருந்து சூடேறுவதால் எண் குறையக்கூடும். விசையளவி சரியாக அளவுதிருத்தம் செய்யப்படாவிட்டாலும் பிழை வரும்.

சிறு உருளைகள் டயருக்குள் ஆழமாக அழுந்தி இழப்பைக் கூட்டுகின்றன. கட்டும் பட்டையின் இறுக்கமும் டயரின் காற்றழுத்தமும் கணக்கில் சேரும். வானிலைத் திருத்தமும் ஒன்றல்ல. எஸ்ஏஇ ஜே1349 முறை 25 பாகை வெப்பத்தை அடிப்படையாகக் கொள்கிறது. பழைய முறை ஏறத்தாழ 15.5 பாகையைக் கொள்கிறது. முதல் முறையில் 300 என வரும் கார், மற்றதில் ஏறத்தாழ 312 காட்டும்.

விளம்பர எண்ணும் உண்மை எண்ணும்

நிறுவனங்கள் அறிவிக்கும் எண் எஞ்சினில் அளந்தது. சேசிஸ் கருவி காட்டுவது சக்கரத்தில் அளந்தது. எஞ்சினில் அளப்பதிலும் குழப்பம் இருந்தது. அமெரிக்காவில் 1970களின் தொடக்கம் வரை துணைக்கருவிகள் பல இல்லாத எஞ்சினில் அளந்த மொத்தத் திறனே அறிவிக்கப்பட்டது. காடிலாக் எல்டொராடோவின் 8.2 லிட்டர் எஞ்சின் 1971-இல் 365 குதிரைத்திறன். 1972-இல் நிகரத் திறனாக 235. பெரிதும் மாறியது எஞ்சின் அன்று, அளக்கும் முறை.

1999-இல் ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா 320 குதிரைத்திறன் என அறிவிக்கப்பட்டது. முந்தைய ஆண்டின் காருக்கு 305. வாங்கியவர்கள் சேசிஸ் கருவிகளில் ஏற்றிப் பார்த்தபோது எதிர்பார்த்த எண் வரவில்லை. சக்கரத்தில் வந்த எண்ணை 320 உடன் நேராக ஒப்பிட்டால் எதுவும் நிறுவப்படாது. இடையில் இழப்பு எவ்வளவு என்று வாதம் நீளும். ஆனால் பழைய காரையும் புதிய காரையும் ஒரே கருவியில், ஒரே திருத்த முறையில் அளந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள 15 குதிரைத்திறன் தென்பட வேண்டும். அவ்வகை ஒப்பீட்டில் கருவியின் வகை தடையாவதில்லை.

ஃபோர்டு 1999 ஆகஸ்டில் விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களைத் திரும்ப அழைத்தது. காற்று உள்ளிழுக்கும் குழாய்த்தொகுதியும் புகைபோக்கி அமைப்பும் மாற்றப்பட்டன. கட்டுப்பாட்டுக் கணினியும் திருத்தப்பட்டது. 2000-இல் பந்தய வகையான கோப்ரா ஆர் மட்டுமே வந்தது. வழக்கமான கோப்ரா 2001-இல் திரும்பியது. மாஸ்டாவும் 2001 மியாட்டாவின் 155 குதிரைத்திறனை 142 ஆகக் குறைத்து அறிவித்து, விரும்பாதவர்களிடமிருந்து காரைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தது.

2005-இல் எஸ்ஏஇ சான்றளிப்பு முறை வந்தது. பயிற்சி பெற்ற வெளிச் சாட்சி ஒருவர் முன்னிலையில் எஞ்சின் சோதிக்கப்பட வேண்டும். அக்காலத்தில் டொயோட்டா கேம்ரியின் 3.0 லிட்டர் எஞ்சின் 210-லிருந்து 190 ஆனது. காடிலாக்கின் சூப்பர்சார்ஜர் பொருத்திய நார்த்ஸ்டார் எஞ்சின் 440-லிருந்து 469 ஆக உயர்ந்தது.

பயன்பாடு

சேசிஸ் டைனமோமீட்டர் தரும் எண்ணைக் கருவியின் வகை, திருத்த முறை, கியர், டயர் நிலை ஆகியவற்றுடன் சேர்த்தே படிக்க வேண்டும். இரு பணிமனைகளின் எண்களை ஒப்பிடுவதைவிட, ஒரே கருவியில் பழுதுபார்ப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடுவதே நம்பத்தக்கது.