மேகத்தில் இருப்பது யாருடைய கோப்பு? லினக்ஸ், கிளவுட், கல்வராயன் மலை



வரலாறு என்றால் ராஜா, போர், கல்வெட்டு என்றுதான் பாடத்தில் படித்தோம். நம் கணினியில் கிடக்கிற கோப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அது யாரிடம் இருந்தது, யார் திறக்க விட்டார்கள், யார் ஒருநாள் கதவைச் சாத்தினார்கள் என்பதுதான் அது. எனக்குக் கள்ளக்குறிச்சி என்பதால் எங்கள் ஊர்ப் பக்கமிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் மலைக் கதை

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே இருக்கிறது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர் (கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், தமிழ் பேசுகிறவர்கள்தான்). 1947-இல் நாடு விடுதலை பெற்ற பிறகும் இந்த மலை சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களிடமே இருந்தது. அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது 1976-இல். உழுதது ஒருவர், இது யாருடைய நிலம் என்று சொல்லும் அதிகாரம் வேறொருவரிடம்.

இன்னொன்றும் பாருங்கள். பழங்குடியினர் பட்டியலில் மலையாளி சமூகம் மாவட்டங்களின் பெயரோடுதான் குறிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் பகுதிக்கு அதில் உள்ள பெயர் தென்னாற்காடு. அந்த மாவட்டம் 1993-இல் பிரிந்தபோது நாங்கள் விழுப்புரம் ஆனோம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். ஆக, ஒரே வீட்டில் அப்பாவின் சாதிச் சான்றிதழில் ஒரு மாவட்டம், அக்காவுடையதில் ஒரு மாவட்டம், தம்பியுடையதில் ஒரு மாவட்டம் இருக்கலாம். உதவித்தொகை கேட்கும் பிள்ளைக்கு மூன்றும் ஒரே குடும்பம் என்று காட்டுவதற்குப் பழைய காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் இப்போது கோப்பாகிவிட்டது. அதனால்தான் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்வி எங்கள் ஊரில் வெறும் கணினிக் கேள்வி அல்ல.

லினக்ஸ் வந்த வழி

1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது லினக்ஸ். நம் மாதிரி சிற்றூர்களுக்கு அது தபாலில் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? உபுண்டு வெளியீட்டாளர்கள் 2005 முதல் 2011 வரை கேட்பவர்களுக்கெல்லாம் சிடியைக் காசு வாங்காமல் அனுப்பி வைத்தார்கள். இணைய வேகம் இல்லாதவனுக்கு அது பெரிய வரம்.

அரசுப் பக்கமும் வேலை நடந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. எல்காட் நிறுவனத்தில் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது சூசே லினக்ஸ் நுழைந்தது. 2011 செப்டம்பர் 15-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அப்போது தந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அரசுப் பள்ளியில் படித்த எத்தனையோ வீடுகளில் முதல் கணினியும் அதுதான், முதல் லினக்ஸும் அதுதான்.

எங்கள் அண்ணனுக்கு அப்படி ஒன்று வந்தது. ஊரில் பலர் முதல் வேலையாக லினக்ஸை அழித்துவிட்டார்கள். அண்ணன் அழிக்கவில்லை, காரணம் பென்டிரைவ் :-) பிரவுசிங் சென்டரில் செருகி எடுத்த பென்டிரைவில் ஆட்டோரன் வைரஸ் கூடவே வரும், கோப்புகளெல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும். லினக்ஸில் செருகினால் அந்த வைரஸ் ஓடாது, உள்ளே இருக்கும் நிஜக் கோப்பு தெரியும். தெருவில் நாலு பேர் பென்டிரைவ் சுத்தம் செய்ய எங்கள் வீட்டுக்கு வருவார்கள்.

முதல் பூட்டு: எழுத்துரு

அப்படி வந்த பென்டிரைவில் டிடிபி சென்டரில் அடித்த தமிழ் மனுக்களும் இருக்கும். திறந்தால் ஒரே கிறுக்கல். ஏனென்றால் அவை ஒருங்குறியில் இல்லை, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழே இல்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகையையும் டாம், டாப் குறியாக்கங்களையும் வகுத்தது. டிஸ்கி தனியாக ஓடியது. லினக்ஸில் தமிழ் இடைமுகம் செய்த தன்னார்வலர்களும் டிஸ்கியில் தொடங்கிப் பிறகு ஒருங்குறிக்கு வந்தார்கள். தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010-இல். அதற்கு முன் அடித்தது பல வீடுகளில் இன்றும் கோப்பாக இருக்கிறது, படிக்கத்தான் முடியாது. கையில் இருந்தால் மட்டும் போதாது, திறக்கிற வடிவத்திலும் இருக்க வேண்டும் என்பது முதல் பாடம்.

இரண்டாவது பூட்டு: மேகம்

அடுத்து கிளவுட் வந்தது. மேகம் என்று அழகாகப் பெயர் வைத்தாலும் அது வேறொருவருடைய கணினி, அவ்வளவுதான். டிராப்பாக்ஸ் 2008-இல் பொதுமக்களுக்குத் திறந்தபோதே லினக்ஸுக்கும் மென்பொருள் தந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வசதி. ஒரு கோப்புறையில் போட்டால் எல்லாக் கணினியிலும் அதே கோப்பு. உபுண்டுவும் 2009-இல் உபுண்டு ஒன் என்று தொடங்கியது.

பிறகு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2012 ஏப்ரலில் கூகுள் டிரைவ் வந்தது, லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு அதன் அதிகாரபூர்வ மென்பொருள் இன்றுவரை வரவில்லை. 2014-இல் உபுண்டு ஒன் மூடப்பட்டது, ஜூலை முடிவுக்குள் கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 2018 நவம்பரில் டிராப்பாக்ஸ் லினக்ஸில் எக்ஸ்ட்4 கோப்பு முறை மட்டுமே ஏற்போம் என்றது, அடுத்த ஆண்டு ஓரளவு தளர்த்தியது. 2021 ஜூன் 1 முதல் கூகுள் ஃபோட்டோஸில் அளவில்லா இலவசம் முடிந்தது. இரண்டு ஆண்டுகள் தொடாத தனிநபர் கூகுள் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்கலாம் என்ற விதியும் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த மேகத்தின் சர்வர்களில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ்தான். நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் கருவும் அதுவே. லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு மட்டும் திண்ணையில்தான் இடம்! க்னோம் 2015-இல் கோப்பு மேலாளருக்குள் கூகுள் டிரைவைக் காட்ட வழி செய்தது. ஆர்குளோன் என்ற கட்டளைவரிக் கருவியும் இருக்கிறது. முதலாவதில் ஒரு சிக்கல்: கோப்பு நம் கணினியில் இருப்பதுபோல் தெரியும், நெட் போனால் திறக்காது.

மலையில் இறங்காத மேகம்

கல்வராயன் மலையில் மேகம் அருவி என்றே ஓர் அருவி இருக்கிறது. தண்ணீர் இறங்கும், கோப்பு இறங்காது. 2020-இல் பள்ளிகள் பூட்டப்பட்டபோது சிக்னல் தேடி மேடுகளில் ஏறிய பிள்ளைகள் தமிழ்நாட்டு மலைகளில் எத்தனை பேர்!

2015-இல் வந்த டிஜிலாக்கரையும் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் துறைகள் தரும் சான்றிதழ் அதற்குள் உட்கார்ந்திருப்பதில்லை, நாம் கேட்கும்போது வழங்கிய துறையிடமிருந்து வருகிறது. அதற்கு நெட் வேண்டும், ஓடிபி வர வேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஒரு ஊரில் இரண்டும் கிடைக்காவிட்டால், தன் சான்றிதழே தன்னிடம் இல்லாதவராகிவிடுகிறார் அந்த மாணவர்.

அப்படியானால் என்ன செய்வது?

கிளவுட் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. மடிக்கணினி தண்ணீரில் விழுந்தால் காப்பாற்றுவது அதுதான். ஆனால் அது பிரதியாக இருக்கட்டும், மூலமாக வேண்டாம். பழைய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். சான்றிதழ்களைப் பிடிஎஃப்பாக, எழுத்துகளை ஒருங்குறியில், கட்டுரைகளை லிப்ரே ஆஃபீஸின் ஓடிஎஃப்பில் வையுங்கள். பள்ளிகள் மனது வைத்தால் ஒரு பழைய கணினியில் நெக்ஸ்ட்கிளவுட் நிறுவி, நெட் இல்லாமலே வளாகத்துக்குள் சொந்த மேகம் வைத்துக்கொள்ளலாம். செலவு மின்சாரமும் ஒரு ஹார்டு டிஸ்க்கும்தான்.

மலை ஜாகிர்தார்களின் கையிலிருந்து அரசிடம் வருவதற்கு விடுதலைக்குப் பிறகும் 29 ஆண்டுகள் காத்திருந்தார்கள். கோப்பு விஷயத்தில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று ராத்திரி உங்கள் சான்றிதழ்களை ஒரு பென்டிரைவில் போட்டு, நெட்டை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் அது உங்களுடையது.