மண்ணெண்ணெய்க் கார் முதல் லான்சர் வரை: வன்னியில் நாங்கள் கார் பார்த்து வாங்கிய வரலாறு



எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் இப்போது கார் தேடுகிறார்கள். கையில் கொஞ்சக் காசு, மிச்சம் லீசிங். கேட்பது வானோ வேகன்ஆரோ இல்லை. இழுவை உள்ள கார் வேண்டும், ஏ9 இல் மிதித்தால் பறக்க வேண்டும். சிவிக் ஈகே3 நல்லதா, லான்சர் நல்லதா, எஃப்பி15 ஐ எடுத்து 'ரிம்' மாற்றினால் போதாதா என்று கேட்கிறார்கள். ஆசைப்படுவதில் பிழை இல்லை. ஆனால் இந்த மண்ணில் எங்கள் மூத்தவர்கள் எதைப் பார்த்துக் கார் எடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டு போனால், விற்பவர் சாவியை நீட்டும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஏ40 களின் காலம். 1950களில் இலங்கைக்கு வந்த கார்களில் அதிகம் பிரித்தானியக் கார்கள்தான்: ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், பின்னர் ஒஸ்ரின் கேம்பிறிஜ். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. அரசு இறக்குமதியை இறுக்கியது. 1977 இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை புதிய கார் என்பது சாதாரண குடும்பத்துக்கு எட்டாத பொருள். இருந்த காரைத்தான் திருத்தித் திருத்தி ஓடினார்கள். அந்தக் காலத்தில் ஒருவர் கார் வாங்கப் போனால் அது எவ்வளவு வேகமாக ஓடும் என்று கேட்கமாட்டார். சாமான் எடுக்கலாமா, எங்கள் கராஜ்காரருக்கு இந்த எஞ்சின் பழக்கமா என்றுதான் கேட்பார். கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஊருக்கு ஒன்றிரண்டு வாடகைக் கார்கள்தான் ஓடின. அது வழியில் நின்றால் உள்ளே இருந்த கர்ப்பிணியும் வழியில்தான் நிற்பார். அதனால் அந்தக் கேள்விகள் சரியான கேள்விகள்.

1977 இற்குப் பிறகு ஜப்பான் கார்கள் வந்தன. டட்சன் சனி, கொரொல்லா, 'பொக்ஸ்' லான்சர். இழுவையும் கூட, எண்ணெய்ச் செலவும் குறைவு. பழைய ஏ40 ஐ விற்றுவிட்டு ஜப்பான் காருக்கு மாறுவதுதான் முன்னேற்றம் என்று எல்லோரும் நினைத்த காலம் அது. அடுத்த பத்து வருடம் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது.

1990 இல் இரண்டு விடயங்கள் நடந்தன.

ஒன்று எங்களுக்கு நடந்தது. அந்த வருடம் ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், யாழ்ப்பாணம் என்று ஏறக்குறைய 75,000 பேர் இடம்பெயர்ந்தோம். வீடு, வயல், கடை, வாகனம் எல்லாம் பின்னால் நின்றன. நீராவிப்பிட்டியிலும் நாச்சிக்குடாவிலும் இருந்தவர்கள் கையில் எடுத்தது பொட்டலங்களும் பிள்ளைகளும்தான். புத்தளம் முகாம்களில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு வாப்பாமாரின் லொறியும் காரும் பேச்சில் மட்டும்தான் ஓடின.

மற்றது, இங்கே தங்கியிருந்த தமிழ் மக்களுக்கு நடந்தது. போர் மீண்டும் தொடங்கியதும் அரசு பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோல், டீசல், பற்றறி எல்லாம் தட்டுப்பாடு. கிடைத்த கொஞ்சப் பெற்றோலின் விலையை நினைக்கவே முடியாது. அளவாகக் கிடைத்தது மண்ணெண்ணெய். அப்போதுதான் வேலியோரம் கோழி அடைகாத்த ஏ40 களும் கேம்பிறிஜ்களும் மொறிஸ் மைனர்களும் திரும்ப வெளியே வந்தன.

ஏன் அந்தப் பழைய கார்கள்? இதை வகுப்பிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. அழுத்தம் கூடிய எஞ்சினுக்குள் அது நேரத்துக்கு முன்பே எரிந்து 'தட்டும்'. பழைய பிரித்தானிய எஞ்சின்களில் அழுத்த விகிதம் குறைவு. அதனால் அவை தாங்கின. குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஸ்ராட் பண்ண முடியாது. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சம் காபரேற்றருக்குக் கொடுத்து ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை இளக வைக்கும். பிளக் கரி பிடிக்கும். இதையெல்லாம் தெரிந்த ஓட்டுநர்கள்தான் காயப்பட்டவர்களையும் பிரசவத்துக்குத் துடித்தவர்களையும் ஏற்றிப் போனார்கள். புதிய ஜப்பான் காரை வைத்திருந்தவரை விட ஏ40 வைத்திருந்தவர்தான் அன்று ஊருக்கு உதவியவர்.

திரும்பி வந்த பிறகு அயலவர்கள் சொல்லித்தான் இந்தக் கதைகளை நாங்கள் அறிந்தோம். ஒரே மண்ணில் அவர்களுக்கு ஒரு வரலாறு, எங்களுக்கு இன்னொன்று. இரண்டையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

2002 பெப்ரவரியில் சமாதான ஒப்பந்தம் வந்தது. ஏ9 திறந்தது. ஓமந்தையில் இராணுவம், புளியங்குளத்தில் புலிகள் என்று இரண்டு சோதனைச் சாவடிகளையும் தாண்டி கொழும்பு வாகனங்கள் வன்னிக்குள் வந்தன. றோட்டு முழுக்கக் குழி. மாங்குளம் போய்ச் சேருவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும். அங்கே நின்று பார்த்தால் எந்த வாகனம் இந்த றோட்டுக்கு ஒத்துவரும் என்று கண்ணாலேயே தெரியும். கார்க்காரர்கள் கீழே குனிந்து பார்ப்பார்கள், டொல்பின் வான்காரர் கச்சான் வாங்கிக்கொண்டு போவார். அந்தச் சில வருடங்களில் நல்ல வாகனம் என்றால் உயரமும் 'சொக்'கும்தான். அப்போதே ஏ9 இல் வேகத்துக்குத் தண்டம் இருந்தது. புலிகளின் காவல்துறை வேகம் பிடித்தது. 2006 ஓகஸ்ட்டில் அந்தப் பாதை மறுபடி மூடப்பட்டது.

2009 இல் போர் முடிந்தபோது புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் கைவிடப்பட்ட வாகனங்கள் துருப்பிடித்துக் கிடந்ததை மீளக் குடியேறிய எல்லோரும் கண்டிருப்போம். மோட்டார் சைக்கிள், லொறி, உழவு இயந்திரம், கார். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் முழுச் சேமிப்பு.

பிறகு ஏ9 'காப்பெற்' ஆனது. லீசிங் கம்பனிகள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வரிசையாகத் திறந்தன. கனகராயன்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் நீட்டு நேரான றோட்டு. இந்த மண்ணில் முதல் தடவையாக ஒரு இளைஞன் எண்ணெயையும் சாமானையும் குழியையும் நினைக்காமல், ஆசையை மட்டும் நினைத்துக் கார் எடுக்கக் கூடிய காலம் வந்தது.

அந்தக் காலமும் நீடிக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் எரிபொருள் வரிசை. கியூஆர் முறை தொடங்கியபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். தனியார் கார் இறக்குமதி திரும்ப அனுமதிக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. இருபத்தைந்து வருடம் ஓடிய காரை எங்கள் பிள்ளைகள் இன்று இலட்சக்கணக்கில் கொடுத்து எடுப்பது இதனால்தான்.

பழைய கார் என்றால் வெற்றி இல்லையா? இதற்கு நல்ல சாட்சி கென்யாவில் இருக்கிறது. ஜோகிந்தர் சிங் என்ற சீக்கியர். தகப்பனின் கராஜில் மெக்கானிக்காக வேலை செய்தவர். 1965 இல் அவரும் தம்பி ஜஸ்வந்தும் கிழக்கு ஆபிரிக்க சஃபாரி ராலியை வென்றார்கள். ஓடியது, ஏற்கனவே போட்டிகளில் அடிபட்டுத் தேய்ந்த பழைய வொல்வோ பிவி544. 1974 இல் 1600 சிசி லான்சரில் வந்து போர்ஷே 911 ஐப் பின்னால் விட்டார். 1976 இல் திரும்பவும் லான்சரில் முதலிடம். எங்கள் பிள்ளைகள் தேடும் அதே லான்சரின் மூத்த பரம்பரை அது. சேறும் புழுதியும் நிறைந்த ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பாதையில், வேகமான காரை விட முழுதாக முடிவு வரை வந்த கார்தான் வென்றது. தன் காரை ஆணி ஆணியாக அறிந்திருந்தது அவருடைய பலம்.

ஆகவே, குறைந்த காசில் இழுவையுள்ள கார் பார்க்கப் போகிறவர்களுக்கு எங்கள் மூத்தவர்களின் கேள்விகளை இன்றைய காருக்குப் பொருத்திச் சொல்கிறோம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். வருவதாகச் சொன்ன நேரத்துக்கு முன்பே ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்ராட் பண்ணியதும் புகையைப் பாருங்கள். நீலம் என்றால் ஒயில் எரிகிறது. நிற்காமல் வெள்ளைப் புகை வந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது. கறுப்பு என்றால் எண்ணெய் அளவுக்கு மேல் போகிறது.

ஏசியைப் போட்டு நின்ற இடத்தில் இருபது நிமிடம் ஓட விடுங்கள். எங்கள் வெயிலில் சூட்டு முள் மேலே ஏறினால் அந்தக் கார் கிளிநொச்சி போய்ச் சேராது.

காப்பெற் றோட்டில் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். கிரவல் ஒழுங்கைக்குள்ளும் விடுங்கள். ஸ்ரியறிங்கை முழுதாக வெட்டித் திருப்பும்போது 'டக் டக்' என்றால் அச்சின் மூட்டு தேய்ந்திருக்கிறது. நேர் றோட்டில் கையைக் கொஞ்சம் தளர்த்தினால் ஒரு பக்கம் இழுக்கிறதா? பின்னால் ஒன்றும் வராதபோது 60 இல் பிறேக் பிடித்துப் பாருங்கள். நேராக நிற்கிறதா?

ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமை செய்தது. பூ நிறைய இருந்தாலும் பழைய ரயர் பழைய ரயர்தான்.

கடைசியாகக் கடதாசி. பதிவுப் புத்தகத்தில் யாருடைய பெயர், லீசிங் கம்பனியின் உரிமை நீக்கப்பட்டிருக்கிறதா, செசி இலக்கம் பொருந்துகிறதா என்று பாருங்கள். கையெழுத்து மட்டும் வைத்த 'ஓப்பன் பேப்பரில்' காசு கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் சம்பளத்தைச் செலவாக நினைக்காதீர்கள்.

இழுவை பற்றியும் ஒரு கணக்கு. எங்கள் சாதாரண றோட்டில் காருக்கு உச்சம் 70. அதில் ஒரு செக்கனுக்கு 19 மீற்றர் போகிறோம். 100 இல் 28 மீற்றர். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் இயக்கசக்தி கூடும் என்பதால், 100 இல் பிறேக் பிடித்து நிற்க 70 ஐ விட ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம் வேண்டும். இரவில் ஏ9 இல் படுத்திருக்கும் மாட்டுக்கு இந்தக் கணக்கு தெரியாது. எத்தனை ஜனாஸாக்களையும் செத்த வீடுகளையும் இந்த நேர் றோட்டு எங்களுக்குத் தந்துவிட்டது! காசு குறைவென்றால் முதலில் பிறேக்குக்கும் ரயருக்கும் செலவழியுங்கள். சைலன்சருக்கும் ரிம்முக்கும் பிறகு பார்க்கலாம்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மதீனாச் சந்தையில் ஒருவர் தானியக் குவியலோடு இருந்தார். மேலே காய்ந்த தானியம். நபி (ஸல்) அவர்கள் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. ஆட்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் எம்மைச் சேர்ந்தவர் அல்ல என்ற கருத்தில் அவர்கள் சொன்னது ஹதீஸில் வருகிறது. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று எங்கள் ஃபிக்ஹும் சொல்கிறது. மீற்றரைக் குறைத்து விற்பதும் அடிபட்ட காரைப் பூசி விற்பதும் அந்த ஈரத்தை மறைப்பதுதான். வாங்குகிறவர் கையை உள்ளே விட்டுப் பார்ப்பதில் வெட்கப்படத் தேவையில்லை. விற்கிறவரும் கோபிக்கத் தேவையில்லை.

இந்த மண்ணில் ஒரு முறை எல்லாவற்றையும் விட்டுப் போனவர்கள் நாங்கள். எங்கள் அயலவர்கள் பல முறை விட்டவர்கள். இன்று ஒரு கார் எடுக்கிறோம் என்றால், புத்தளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் பிரிந்து கிடக்கும் எத்தனையோ குடும்பங்களை அது சேர்த்து வைக்கும். அதை ஐந்து வருட லீசிங் கடனாகவோ மாங்குளச் சந்தியில் கண்ணாடித் துண்டுகளாகவோ ஆக்கிவிட வேண்டாம்.

ஏ40 காலத்தில் வண்டி ஓட்டிய ஐயாமார், காக்காமார் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்கள் என்ன கார் ஓடினார்கள், மண்ணெண்ணெயில் எப்படி ஸ்ராட் எடுத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டுக் கீழே எழுதுங்கள். பாடசாலையில் உள்ளூர் வரலாற்றுக்கு அவை எங்களுக்குத் தேவை.

அல்லாஹ் எல்லோருடைய பயணத்தையும் பாதுகாப்பானதாக ஆக்குவானாக.