மண் சுமந்தவர்களும் மரம் நடுபவர்களும்

அடைமழை பெய்தால் தி.நகர் ஏன் மிதக்கிறது என்று குழுக் கூட்டத்தில் கேட்காத உறுப்பினர் கிடையாது. பதில் நம் பக்கத்துச் சரித்திரத்திலேயே இருக்கிறது.

நம் கோபாலபுரத்துக்கு மேற்கே, அண்ணா சாலையைத் தாண்டினால் அந்தக் காலத்தில் ஏரிதான். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அதை ‘லாங் டேங்க்’ என்றார்கள். 1920-களில் அதை வற்றவைத்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். மழைத்தண்ணீர் மட்டும் பழைய இடத்தைத் தேடி வந்துவிடுகிறது.

கிழக்கே, மயிலாப்பூர் வழியாகப் போகும் பக்கிங்காம் கால்வாய்க்கும் ஒரு கதை உண்டு. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தப் பகுதியை வெட்டியது தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-78-ல். பஞ்ச நிவாரண வேலை அது. அரை வயிற்றுக் கூலிக்கு மண் சுமந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

கெட்டுப்போனதை மீட்க முடியுமா? முடியும். அடையாறு கழிமுகத்தை ஒட்டி, கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டி மேடாகிப்போன இடம் இருந்தது. அதில் 58 ஏக்கரில் குப்பையை அள்ளி, தண்ணீருக்கு வழிவிட்டு, அலையாத்தியும் நம் மண்ணின் மரங்களும் நட்டார்கள். 2011-ல் அது தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

2020-ல் கோட்டூர்புரத்தில் மாநகராட்சி மியாவாக்கி காடு வளர்க்க ஆரம்பித்தது. ஜப்பான் தாவரவியல் அறிஞர் அகிரா மியாவாக்கி காட்டிய வழி இது. மண்ணில் எரு கலந்து, உள்ளூர் மரம், செடி, புதர் எல்லாவற்றையும் நெருக்கி நட்டால், வெயிலுக்குப் போட்டிபோட்டு மளமளவென்று வளரும். ஆனால் நடுவது ஒருநாள் வேலை; இரண்டு மூன்று வருஷம் தண்ணி ஊத்தணும், களை எடுக்கணும்.

இதோடு நிறுத்தினால் பாதிச் சரித்திரம்தான். கூவம், அடையாறு கரைகளில் இருந்த எத்தனையோ குடும்பங்கள் நகரத்தின் கோடியில் பெரும்பாக்கத்துக்குப் போயின. வேலை இங்கே, வீடு அங்கே என்று அந்தப் பெண்கள் இருட்டிலேயே பஸ் ஏறுகிறார்கள். ஆறு சுத்தமாகணும், சந்தேகமே இல்லை. அதற்காகக் கரையில் வாழ்ந்தவர்களையும் குப்பையோடு சேர்த்து அள்ளக்கூடாது.

அன்றைக்குக் கால்வாய்க்கு மண் சுமந்தவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இன்றைக்கு இந்தக் காடுகளைப் பராமரிக்கும் வேலையை, நியாயமான கூலியோடு, மகளிர் குழுக்களுக்குக் கொடுங்கள் என்று நாம் சேர்ந்து கேட்போம்.