மைக்குக் கொடுத்த காசு எங்கே போகிறது? ரோனியோவிலிருந்து டேங்க் பிரின்டர் வரை

 

தவணைப் பரீட்சை நெருங்கும்போது பெற்றோர் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "சேர், போன தவணையும் மைக்குக் காசு கொடுத்தோமே, அதுக்குள்ள முடிஞ்சிட்டா?"

நியாயமான கேள்வி. பசறை, மடுல்சீமை, நமுனுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் அந்தக் காசு நாட்கூலியிலிருந்து ஒதுக்கப்படுவது. அதற்குக் கணக்குச் சொல்லும் கடமை நம் ஆசிரியர்களுக்கு இருக்கிறது. கணக்கைச் சரியாகச் சொல்ல, மெஷினின் கதையையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ரோனியோ நினைவிருக்கும். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் ரிப்பன் படாமல் டைப் அடித்தால், எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும். அதை உருளையில் மாட்டிக் கைபிடியைச் சுற்றினால் அந்த இடைவெளி வழியாக மட்டும் மை தாளுக்கு இறங்கும். இந்த வழிக்கு எடிசன் 1876இல் ஒரு மின்சாரப் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். லண்டனில் குடியேறிய ஹங்கேரியரான டேவிட் கெஸ்டட்னர் 1881இல் தன் சைக்ளோஸ்டைல் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். 'ரோட்டரி', 'நியோஸ்டைல்' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்துதான் 'ரோனியோ' ஆனது.

நம் தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கின. அதன்பின் மெல்ல மெல்ல வகுப்புகள் கூடின, சாதாரண தர வகுப்பு வந்தது, வினாத்தாள்களும் கூடின. அந்தக் காலத்தின் மெஷின் ரோனியோதான். கையெல்லாம் கறுப்பாகும், சட்டையில் பட்டால் போகாது. ஆனால் அதில் ஒரு நல்ல குணம் இருந்தது. அந்த மை எண்ணெய் சேர்ந்த பசை, இலேசில் காயாது. கைபிடியைச் சுற்றினால்தான் செலவு. டிசம்பர் விடுமுறை முழுவதும் மூடி வைத்தாலும் மை இருந்த இடத்திலேயே இருக்கும்.

இன்க்ஜெட்டின் கதை வேறு. 1977இல் ஜப்பானின் கனன் நிறுவன ஆய்வுகூடத்தில், மை நிரம்பிய ஊசியின் மேல் சூடான சோல்டரிங் அயன் தவறுதலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை சீறிப் பாய்ந்தது. அதைக் கவனித்தவர் இச்சிரோ எண்டோ. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் எச்.பி. நிறுவனத்தில் ஜோன் வோட் என்பவரும் இதே வழிக்கு வந்து சேர்ந்தார். 1984இல் எச்.பி.யின் திங்க்ஜெட்டும் 1988இல் டெஸ்க்ஜெட்டும் கடைக்கு வந்தன. டெஸ்க்ஜெட்டின் விலை அன்று ஏறக்குறைய 1000 டொலர்.

மயிரிழையை விட மெல்லிய துளைகளால் மைத்துளியைத் துப்புவதுதான் இதன் வேலை. மை பெரும்பாலும் தண்ணீர். சும்மா இருந்தால் துளை வாயிலேயே காய்ந்து அடைத்துவிடும். அதனால் மெஷின் தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது. எதைக் கொண்டு? நாம் வாங்கிய அதே மையைக் கொண்டு. சின்னதொரு பம்ப் மையை உறிஞ்சி, அடியில் உள்ள பஞ்சுக்கு அனுப்பிவிடும். நாம் கறுப்பில் மட்டும் அடித்தாலும் கழுவும்போது கலர் மையும் போகிறது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கணக்குக் காட்டினால் சில மெஷின்கள் வேலையையே நிறுத்திவிடும்.

அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் 2013இல் இதைப் பரிசோதித்தது. இடைக்கிடை பாவிக்கும்போது, பல பிரின்டர்களில் மையின் பாதியோ அதைவிடக் குறைவோதான் தாளுக்குப் போனது. தவணைக்கு ஒருமுறை அடித்துவிட்டு மூடி வைக்கும் நம் பாடசாலைகளின் பழக்கம் இந்த மெஷினுக்கு ஆகவே ஆகாது. குறைவாக அடிப்பவர் ஒரு தாளுக்குக் கூடுதலாகச் செலவழிக்கிறார்.

இதில் வியாபாரமும் இருக்கிறது. பிரின்டரை மலிவாகக் கொடுத்து மையில் லாபம் எடுப்பது கம்பனிகளின் வழி. 2016 செப்டம்பரில் எச்.பி.யின் பல பிரின்டர்கள் வேறு கம்பனிக் கார்ட்ரிஜ்களைத் திடீரென ஏற்க மறுத்தன. பாவனையாளர்களுக்கு இதைச் சரியாகச் சொல்லவில்லை என்று இத்தாலி 2020இல் ஒரு கோடி யூரோ தண்டம் விதித்தது. நம் பகுதி மக்களைப் போன்றவர்கள் இதற்குத் தாங்களே ஒரு வழி கண்டார்கள். இந்தோனேசியா போன்ற நாடுகளில் பிரின்டருக்கு வெளியே போத்தலை வைத்து, குழாய் மாட்டி மை ஊற்றினார்கள். அதைப் பார்த்த எப்சன் 2010இல், முதலில் இந்தோனேசியாவில்தான், டேங்க் வைத்த பிரின்டரை விற்கத் தொடங்கியது. இன்று பதுளை டவுனில் போட்டோ கொப்பிக் கடைகளில் நாம் காணும் டேங்க் பிரின்டர்களின் மூலக்கதை அதுதான். மை மலிந்தது. ஆனாலும் கழுவும் பழக்கம் டேங்க் பிரின்டருக்கும் உண்டு.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். தோட்டத் தொழிலாளருக்கு 1000 ரூபா நாட்கூலி வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். மறுவருடம் மார்ச்சில், ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் ஏறத் தொடங்கி, மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. கடதாசியும் மையும் இறக்குமதி செய்ய டொலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அந்த மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டும் வந்தது. அடிக்கும்போது கரண்ட் போனால் பிரின்டரின் தலை மூடியில் போய் உட்காராது, திறந்தபடியே காயும். கரண்ட் வந்ததும் மறுபடி கழுவல். மை கிடைக்காத காலத்தில்தான் மை கூடுதலாக வீணாகும் வழியும் திறந்தது.

இந்தக் கதையிலிருந்து நாம் எடுக்கக்கூடியவை சில:

1. பிரின்டரை அதன் பொத்தானால் நிறுத்துங்கள். சுவரில் உள்ள சுவிட்சை முதலில் போடாதீர்கள்.

2. வாரம் ஒரு தாளாவது அடியுங்கள், விடுமுறையிலும்கூட. ஒரு தாளுக்குப் போகும் மை கழுவலுக்குப் போவதை விடக் குறைவு.

3. எழுத்து விட்டு விட்டு விழுந்தால் ஒன்றிரண்டு தடவை கழுவிப் பாருங்கள். சரிவராவிட்டால் திரும்பத் திரும்ப அழுத்தாமல் திருத்துபவரிடம் காட்டுங்கள்.

4. நூற்றுக்கணக்கில் வினாத்தாள் அடிக்க இன்க்ஜெட் ஏற்றதல்ல. லேசர் பிரின்டரின் டோனர் தூள், காயாது. ரோனியோவின் பேரப்பிள்ளையான ரிசோ மெஷின் இன்னும் மலிவு. பக்கத்துப் பாடசாலைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றைப் பாவிக்கலாம்.

5. எத்தனை தாள் அடித்தோம், எத்தனை போத்தல் மை வாங்கினோம் என்று எழுதி, அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாசியுங்கள்.

ஐந்தாவதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். மை பஞ்சுக்குப் போகிறது என்று தெரியாத பெற்றோர், அது வேறெங்கோ போகிறது என்றுதான் நினைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கணக்கைக் காட்டினால் அந்தச் சந்தேகம் தீரும். உங்கள் பாடசாலையில் ரோனியோ சுற்றியவர்கள் இருந்தால் அந்தக் கால அனுபவத்தை எழுதுங்கள். இன்றைய பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும்.