நாளுக்கு ஒரு வசனம்: ஹெர்ன்ஹூட் சிற்றூரில் பிறந்த ஒரு பக்தி வழக்கத்தின் வரலாறு

ஜெர்மனியின் கிழக்கெல்லையில், சாக்சனி மாநிலத்தைச் சேர்ந்த ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில் 1728ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு வழக்கம் ஏறத்தாழ 300 ஆண்டுகளாக அறுபடாமல் தொடர்ந்து வருகிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேதவசனத்தைத் தேர்ந்து, அந்த நாள் முழுவதும் அதை மனத்தில் வைத்து வாழ்வதே அவ்வழக்கம். இதற்கு ஜெர்மன் மொழியில் ‘லோசுங்’ என்று பெயர். பாசறையில் இரவுக் காவல் நிற்கும் வீரர்கள், எதிரே வருபவர் நம்மவரா பகைவரா என்று அறிவதற்காகக் கேட்கும் அடையாளச் சொல்லை அது குறிக்கும். ஆகவே அதைத் தமிழில் ‘காவற்சொல்’ எனலாம். கிறிஸ்தவ வாழ்வின் மூன்று தூண்களாகிய விசுவாசம், கீழ்ப்படிதல், நிலைத்திருத்தல் ஆகியவற்றை அறிஞர்கள் பெரிய நூல்களில் விளக்கியிருக்கிறார்கள். கைவினைஞர்களும் அகதிகளும் வாழ்ந்த இந்த ஊரோ அவற்றை ஒரு நாளின் அளவுக்குச் சுருக்கி, எளியவர் கைக்கு எட்டும் பொருளாக ஆக்கியது.

இவ்வூரின் கதை அதன் பிறப்புக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே தொடங்குகிறது. பொகீமிய நாட்டின் சீர்திருத்தக்காரராகிய ஜான் ஹஸ் 1415இல் கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டபின், அவர் வழியைப் பின்பற்றியவர்களுள் ஒரு பிரிவினர் 1457இல் ‘சகோதரர் ஐக்கியம்’ என்னும் சபையாக இணைந்தனர். 1620இல் வெண்மலைப் போரில் பொகீமியப் புரொட்டஸ்டன்டுகள் தோற்ற பிறகு, அச்சபையார் நாடு கடந்தும் ஒளிந்தும் வாழ நேர்ந்தது. அதன் ஆயரும் புகழ்பெற்ற கல்வியாளருமாகிய கொமேனியுஸ் அயல்நாட்டில் அலைந்து, 1670இல் அங்கேயே மறைந்தார். பொகீமியாவை அடுத்த மொரேவியாவில் எஞ்சியிருந்த சில குடும்பங்கள் கதவை அடைத்துக்கொண்டு வேதம் வாசித்து, தம் முன்னோரின் நினைவை நூறாண்டுகள் காத்து வந்தன.

அத்தகைய குடும்பங்கள் சிலவற்றை, கிறிஸ்டியான் டேவிட் என்னும் தச்சர் 1722இல் எல்லை கடத்தி, நிக்கோலாஸ் லுட்விக் ஃபான் சின்சென்டார்ஃப் பிரபுவின் பெர்தெல்ஸ்டார்ஃப் பண்ணை நிலத்துக்கு அழைத்து வந்தார். அவ்வாண்டு ஜூன் 17ஆம் நாள், ஹுட்பெர்க் குன்றின் அடிவாரத்தில் அவர் தம் கோடரியால் முதல் மரத்தை வீழ்த்தினார். அங்கு எழுந்த குடியிருப்பே ‘கர்த்தரின் காவல்’ என்று பொருள்படும் ஹெர்ன்ஹூட் ஆயிற்று. புகலிடம் தந்த பிரபுவுக்கு அப்போது வயது 22. அவர் சிறுவயதில் ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே நடத்திய பள்ளியில் பயின்றவர். சீகன்பால்கு முதலிய தரங்கம்பாடி மிஷனரிகளை அனுப்பிவைத்த ஜெர்மன் லூத்தரன் பக்தி இயக்கத்தின் தலைமையிடம் அந்நகரே. தமிழகக் கரையிலிருந்து வந்த செய்திகளை ஃபிராங்கேயின் உணவு மேசையில் கேட்டதே தமக்குள் மிஷனரி ஆர்வத்தை விதைத்தது என்று பிரபு பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஹெர்ன்ஹூட் தொடக்கத்திலேயே அமைதி பூத்த ஊராக இருந்துவிடவில்லை. மொரேவியரோடு லூத்தரன்கள், சீர்திருத்த சபையார், வேறு சிறு குழுவினர் எனப் பலரும் குடியேறியதால், உபதேசத்தைப் பற்றியும் வழிபாட்டு முறையைப் பற்றியும் கடுமையான சண்டைகள் மூண்டன. புகலிடம் கொடுத்த பிரபுவையே வெளிப்படுத்தின விசேஷம் கூறும் மிருகம் என்று பழித்தவர்களும் இருந்தனர். சின்சென்டார்ஃப் அரண்மனைப் பணியை விட்டு ஊருக்கு வந்து, வீடு வீடாகச் சென்று பேசினார். 1727 மே 12ஆம் நாள் ஊரார் அனைவரும் ஓர் உடன்படிக்கைக்கு இசைந்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள் பெர்தெல்ஸ்டார்ஃப் ஆலயத்தில் நடந்த திருவிருந்தில், பிளவுபட்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் மன்னித்து ஒன்றுபட்டனர். அந்நாளையே மொரேவிய சபை தன் புதுப்பிறப்பின் நாளாகக் கொண்டாடுகிறது. இரு வாரங்கள் கழித்து, 24 ஆண்களும் 24 பெண்களும் நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு இடைவிடாமல் ஜெபிக்கத் தொடங்கினர். அந்த ஜெபக்காவல் நூறாண்டுகளுக்கும் மேலாக நீடித்தது.

ஆனால் எழுச்சி ஒரு நாளில் வந்துவிடும். அதை மறுநாளும் அதற்கு மறுநாளும் காப்பாற்றுவதே கடினம். இதற்கு விடையாகவே காவற்சொல் பிறந்தது. 1728 மே 3ஆம் நாள் மாலைப் பாட்டுக் கூட்டத்தின் முடிவில், மறுநாளுக்கான நினைவாகக் கிறிஸ்துவின் அன்பைப் பற்றிய ஒரு பாட்டின் அடியைச் சின்சென்டார்ஃப் சபையாருக்குக் கொடுத்தார். அதுமுதல் ஒவ்வொரு நாளும் ஒரு சகோதரர் அன்றைய சொல்லை எடுத்துக்கொண்டு, அப்போது ஊரில் இருந்த 32 வீடுகளுக்கும் சென்றார். தறியில் அமர்ந்திருப்பவருக்கும், அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பவருக்கும், நோயில் கிடப்பவருக்கும் அவர் சொன்னது அதே ஒரு வாக்கியந்தான். சொல்லிவிட்டு அவர் உடனே திரும்பிவிடவில்லை. வீட்டாரின் நலம் கேட்டு, யாருக்கு என்ன குறை என்று அறிந்துகொண்டு சென்றார். ஒரு கதவிலிருந்து மறுகதவுக்கு நடந்த அந்த நடையில் வேதவாசிப்பும் அயலார் மீதான அக்கறையும் ஒன்றாகவே இருந்தன என்பது இவ்வழக்கத்தின் இயல்பை உணர்த்தும் செய்தியாகும்.

நாளுக்கு ஒரு வசனம் என்னும் எண்ணம் ஹெர்ன்ஹூட்டுக்கு மட்டும் உரியதன்று. ஹாலே பக்தி மரபைச் சேர்ந்த போகாட்ஸ்கி என்பவர் 1718இலேயே வசனங்களும் சிறு தியானங்களும் அடங்கிய ‘பொற்கருவூலம்’ என்னும் பொருள் தரும் நூலை வெளியிட்டிருந்தார். ஹெர்ன்ஹூட்டின் தனித்தன்மை, ஒரு சமுதாயம் முழுவதும் ஒரே நாளில் ஒரே வசனத்தைப் பகிர்ந்துகொண்டதில் இருக்கிறது. ஊரார் பலர் வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போகத் தொடங்கியபோது, ஓராண்டுக்குரிய வசனங்கள் முன்கூட்டியே அச்சிடப்பட்டன. முதல் பதிப்பு 1731ஆம் ஆண்டுக்குரியது. அன்றிலிருந்து ஓர் ஆண்டுகூட விடுபடாமல் அந்நூல் வெளிவந்துகொண்டிருக்கிறது.

வசனத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை சீட்டு எடுப்பதாகும். பழைய ஏற்பாட்டிலிருந்து திரட்டப்பட்ட சுமார் 1,800 வசனங்களுக்கு எண்ணிட்டு, அந்த எண்களைச் சீட்டுகளில் எழுதிக் கிண்ணத்தில் இட்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக எடுத்துப் பதிவு செய்வார்கள். நூல் அச்சேறுவதற்கும் மொழிபெயர்க்கப்படுவதற்கும் காலம் வேண்டும் என்பதால், மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஹெர்ன்ஹூட்டில் இது நடைபெறுகிறது. அதன்பின் அவ்வசனத்துக்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றும், ஒரு ஜெபமோ பாட்டோ சேர்க்கப்படும். முன்னது சீட்டில் வருவது, பின்னது மனிதர் ஆராய்ந்து தேர்வது. தமக்குப் பிடித்த வசனத்தைத் தாமே தேடிக்கொள்பவர் தம் மனம் விரும்புவதையே திரும்பத் திரும்பக் கேட்கக்கூடும். கொடுக்கப்பட்டதை ஏற்றுக்கொள்பவரோ தாம் கேட்க விரும்பாததையும் கேட்க வேண்டியவராகிறார். கீழ்ப்படிதல் என்பதற்கு ஹெர்ன்ஹூட்டார் கண்ட முதற்பயிற்சி இதுவே. முற்காலத்தில் பணியிட நியமனம், திருமணம் முதலியவற்றையும் சீட்டிட்டே முடிவு செய்தனர். அது மனிதரின் பொறுப்பைப் பறிக்கும் என்பதை உணர்ந்து 19ஆம் நூற்றாண்டில் படிப்படியாகக் கைவிட்டனர். வசனத்துக்கான சீட்டு மட்டுமே இன்று நிலைத்திருக்கிறது.

இந்தப் பயிற்சி எத்தகைய மனிதரை உருவாக்கியது என்பதை அவ்வூரின் மிஷன் வரலாறு காட்டும். 1731இல் கோபன்ஹேகன் நகரில், கரீபியத் தீவாகிய செயின்ட் தாமஸிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஆன்டன் என்பவரைச் சின்சென்டார்ஃப் சந்தித்தார். அவர் சொன்ன துயரக்கதையைக் கேட்டு, 1732 ஆகஸ்டில் லியோன்ஹார்ட் டோபர் என்னும் குயவரும் டேவிட் நிட்ச்மன் என்னும் தச்சரும் அத்தீவுக்குப் புறப்பட்டனர். அங்குள்ள மண் பானை வனைவதற்கு ஏற்றதாக இல்லாததால் டோபரின் தொழில் கைகொடுக்கவில்லை. நிட்ச்மனின் தச்சு வேலையே இருவருக்கும் சோறிட்டது. 1733இல் கிரீன்லாந்துக்குப் போனவர்கள் பனியிலும் பசியிலும், பெரியம்மை கொண்டுபோன உயிர்களின் நடுவிலும், ஐந்து ஆண்டுகள் ஒருவரும் செவிகொடுக்காமல் காத்திருந்தனர். 1738இல் கயார்னாக் என்பவர், மிஷனரி ஒருவர் எழுதிக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பிலிருந்து கிறிஸ்துவின் பாடுகளைக் கேட்டு மனம் திரும்பியதே அங்குக் கிடைத்த முதல் பலனாகும்.

இவ்வரலாற்றின் நிழலையும் மறைக்கலாகாது. செயின்ட் தாமஸில் ஃபிரீட்ரிக் மார்ட்டின் என்னும் மிஷனரியும், அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற ரெபேக்கா என்னும் பெண்ணும் அடிமைகளின் குடிசைகள்தோறும் சென்று போதித்தனர். அதனால் தோட்ட முதலாளிகளின் பகையைத் தேடிக்கொண்டு, 1738இல் சிறைப்பட்டனர். 1739இல் அங்குச் சென்ற சின்சென்டார்ஃப் அவர்களை விடுவித்தார்; ஆனால் அடிமைகளுக்குத் தாம் ஆற்றிய விடைபெறும் உரையில், எஜமானர்களுக்கு அடங்கியிருப்பதும் கடவுள் நியமித்த ஒழுங்கே என்று போதித்தார். மிஷனே தோட்டம் வாங்கி அடிமைகளை வைத்து வேலை வாங்கவும் செய்தது. கடவுளுக்குச் செலுத்த வேண்டிய கீழ்ப்படிதல், மனிதர் வகுத்த அநீதிக்குக் கீழ்ப்படிதலாகத் திரிக்கப்பட்ட இடம் இது. அன்றாடம் வசனம் வாசித்தவர்களும் இப்பிழையிலிருந்து தப்பவில்லை என்பது வாசிப்போர் எவரையும் எச்சரிக்கும் உண்மை.

தமிழகக் கரையும் இச்சகோதரர்களை அறியும். டென்மார்க் அரசின் அழைப்பின்பேரில் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்த மொரேவியர், அருகிலிருந்த பொறையாற்றில் நிலம் வாங்கி ‘சகோதரர் தோட்டம்’ என்னும் குடியிருப்பை அமைத்து, தத்தம் கைத்தொழிலால் பிழைத்தனர். ஹாலேயிலிருந்து வந்திருந்த லூத்தரன் மிஷனரிகள் அவர்களை விரும்பவில்லை. மொரேவியரின் முதல் நோக்கமாகிய நிக்கோபார் தீவுப் பணி 1768இல் தொடங்கியது. காய்ச்சல் ஒருவர் பின் ஒருவராகப் பலி கொண்டதால், 1787இல் அது கைவிடப்பட்டது. அத்தீவிலும், அங்கிருந்து நோயுடன் தரங்கம்பாடிக்குத் திரும்பிய பிறகும் இறந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டமும் கலைந்தது. எண்ணிக்கையால் அளந்தால் இது தோல்வியே. ஆனால் வெற்றி கைகூடாத இடத்திலும் அன்றன்றைய கடமையைச் செய்வதையே நிலைத்திருத்தல் என்று அவர்கள் கற்றிருந்தார்கள்.

மொரேவியரின் செல்வாக்கு வேறு வழிகளிலும் பரவியது. 1736 ஜனவரியில் அட்லாண்டிக் கடலில் புயல் கப்பலைத் தாக்கியபோது, அஞ்சாமல் பாடிக்கொண்டிருந்த மொரேவியக் குடும்பங்களைக் கண்டு, பின்னாளில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி வியந்தார். 1738இல் ஹெர்ன்ஹூட்டுக்கே சென்று தங்கினார். மொரேவியர் 1733 முதல் நடத்திவந்த ஆண்டிறுதி விழிப்புக் கூட்டம் மெதடிஸ்டு சபைகளிலும் இடம்பெற்றது. டிசம்பர் 31ஆம் நாள் நள்ளிரவில் தமிழகத்தின் புரொட்டஸ்டன்டு ஆலயங்கள் நிறைந்திருப்பதையும், ஆராதனை முடிவில் பெரியவரும் பிள்ளைகளும் வரிசையில் நின்று தட்டிலிருந்து வாக்குத்தத்த அட்டையை எடுத்து, புத்தாண்டுக்குரிய வசனமாக வீட்டுச் சுவரில் ஒட்டுவதையும் காண்பவர், ஹெர்ன்ஹூட் கிண்ணத்தின் உறவை எளிதில் உணர்வார். ஆனால் வேறுபாடும் உண்டு: வாக்குத்தத்த அட்டை பெரும்பாலும் ஆறுதலையும் ஆசீர்வாதத்தையும் சொல்லும், காவற்சொல்லோ கண்டிப்பையும் கட்டளையையும் சேர்த்தே தரும்.

காவற்சொல் எவ்வளவு ஆழமாக வாழ்வில் இறங்கக்கூடும் என்பதற்கு டீட்ரிக் போன்ஹோஃபர் சான்றாவார். ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பி 1939 ஜூனில் நியூயார்க் சென்ற இந்த இறையியலாளர், மனம் அமைதியடையாமல் தவித்த நாட்களில் அன்றன்றைய வசனங்களைத் தம் நாட்குறிப்பில் குறித்து வைத்தார். குளிர்காலத்துக்கு முன் வந்துவிடும்படி பவுல் தீமோத்தேயுவை அழைக்கும் பகுதி தமக்கே சொல்லப்பட்டதுபோல் தம்மை விடாமல் தொடர்ந்ததாக எழுதினார். ஜூலையில் ஜெர்மனிக்குத் திரும்பினார். 1945 ஏப்ரல் 8ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, உடன் கைதிகளுக்காக ஏசாயா 53ஆம் அதிகாரத்தையும் பேதுருவின் முதல் நிருபத்தையும் கொண்டு ஆராதனை நடத்தினார். மறுநாள் ஃபிளாசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அடுத்த மாதம் போரின் இறுதி நாட்களில் ஹெர்ன்ஹூட்டின் நடுப்பகுதியும் ஆலயமும் தீக்கிரையாயின; காவற்சொல் நூல் வெளிவருவது மட்டும் நிற்கவில்லை.

அந்த ஊரைப் பார்க்கச் செல்பவரை ஹுட்பெர்க் குன்றின் கல்லறைத் தோட்டம் நிறுத்திவிடும். பிரபுக் குடும்பத்தாரின் கற்கள் நீங்கலாக, ஏனைய அனைவரின் கற்களும் ஒரே அளவில் தரையோடு தரையாகப் படுத்திருக்கின்றன. தச்சரும் வணிகரும் ஆயரும் அங்கு ஒன்றே. 2024இல் யுனெஸ்கோ அவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. ஆனால் ஹெர்ன்ஹூட்டின் உண்மையான நினைவுச்சின்னம் கட்டடமன்று. விசுவாசம் ஒரு நாள் உணர்ச்சியில் நிற்பதில்லை, கீழ்ப்படிதல் தனக்குப் பிடித்த வசனத்தில் நிற்பதில்லை, நிலைத்திருத்தல் பெரிய வீரச்செயலில் நிற்பதில்லை. விடிந்ததும் வாசலுக்கு வரும் ஒரு சொல்லை ஏற்று, அதைக் கொண்டு அன்றைய வேலையையும் அயலாரின் குறையையும் தன் நடத்தையையும் நேர்மையாகச் சோதித்துப் பார்ப்பவரிடத்தில் இம்மூன்றும் ஒன்றாக வளர்கின்றன. ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இன்று காலையும் அந்தச் சொல் வாசிக்கப்பட்டிருக்கிறது.